மூடியைத் திறக்காதீர்கள்

சாதம் வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று 55 வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, தட்டைப் போட்டால் சாதம் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதைப் படிக்கிற நீங்கள் ஆணாக இருந்தால் லேசாகச் சிரித்துக்கொள்வீர்கள். பெண்ணாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒரு பார்வை பார்ப்பீர்கள்.

போன மார்கழியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து, மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி புனேவுக்குக் கிளம்பினாள். வீட்டில் மிச்சம் நானும் 82 வயது அப்பாவும். அவர் சாப்பாட்டை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். காலையில் ஒரு இட்லி, ராத்திரி அரை டம்ளர் பால். மத்தியானம் தட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்றார்.

பிடித்தது என்ன என்று கேட்டால் சொன்னால்தானே! "உங்களுக்கு என்னப்பா வேணும்?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பேன். "ஒண்ணும் வேணாம், விடுடா" என்பார் பத்துத் தடவையும்.

ஒரு நாள் டி.வி.யில் யாரோ பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா திடீரென்று பேசினார். "அம்பாலாவுல இருந்தப்போ, கர்னால் பக்கத்துல ஒரு கிராமத்துக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனான் கூட வேலை பாத்தவன். வெறும் சாதம், நெய், பருப்பு. அவ்வளவுதான். வாசல்ல நுழையும்போதே மணந்துச்சு. ஒண்ணோடொண்ணு ஒட்டாம, நீள நீளமா..." 1966-ல் பட்டாளத்தில் சாப்பிட்ட கதை. இரண்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாளே ஒரு கிலோ பாஸ்மதி வாங்கிவந்தேன். பொன்னிக்கு வைக்கிற மாதிரியே குக்கரில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர், மூன்று விசில். திறந்தால் களி. அப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "பொங்கல் நல்லாருக்கு" என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் குக்கரை ஓரங்கட்டிவிட்டு வெறும் பாத்திரத்தில் வைத்தேன். அடிபிடித்துவிடுமோ என்று பயம். நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து கிளறினேன். பாதி உடைந்து நொய்யானது. மீதி நடுவில் வேகாமல் பல்லில் நறுக்கென்றது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பரவால்லடா" என்றார். அந்தப் பரவால்ல என்னை ராத்திரி தூங்க விடவில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன். போலீஸ் விசாரணை மாதிரி கேட்டாள். "ஊற வெச்சீங்களா? தண்ணி எவ்வளவு? கிளறினீங்களா? மூடியை எத்தனை தடவை திறந்தீங்க?" உண்மையைச் சொன்னேன். "ஏங்க, அது என்ன தொட்டில் குழந்தையா, நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாக்க? அதை நிம்மதியா வேக விடுங்க!"

அப்புறம்தான் அந்த அரிசியைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. பிசுபிசுப்புக்கு அதுதான் காரணம். அமைலோஸ் நீளச் சங்கிலி. அது கூடுதலாக இருந்தால் சாதம் உதிரியாக வரும். பாஸ்மதியில் அது ஓரளவு தாராளம். ஆனால் கரண்டியைப் போட்டுக் கிளறினால் பருக்கை உடைந்து, உள்ளே இருக்கிற பசையெல்லாம் வெளியே வந்துவிடும். நான் செய்தது அதைத்தான். பழைய அரிசி ஏன் உசத்தி என்றால், ஒரு வருஷமாவது கிடந்ததில் ஈரம் குறைந்து இறுகியிருக்கும். தண்ணீரை நன்றாக இழுத்துக்கொண்டு, குழையாமல் நீளும். நல்ல பாஸ்மதி வெந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம் வரும்.

அப்பா சொன்ன கர்னால் பாஸ்மதி விளைகிற மண்தான். 1997-ல் ஓர் அமெரிக்க கம்பெனி பாஸ்மதி வகைகளுக்கும் தானியத்துக்கும் பேடன்ட் வாங்கி, இந்தியா எதிர்த்த பிறகு அதில் பெரும்பகுதியை இழந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹரியானா, பஞ்சாப் உட்பட இமயமலை அடிவாரத்தை ஒட்டிய வட்டாரங்களில் விளைந்தால்தான் அந்தப் பெயர். அதன் மணத்துக்குக் காரணமான பொருளே ரம்பை இலையிலும் இருக்கிறது. இலங்கைக்காரர்கள் கறியில் போடுவார்களே, அதே இலை. அந்த மணம் ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடக்கூடியது. மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கர்னால் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது!

சரி, மூன்றாவது தடவை செய்ததைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளர் அரிசி. விரல் நோகாமல் மூன்று நான்கு தண்ணீரில் களையுங்கள். அழுத்திக் கசக்கினால் உடையும். பிறகு அரை மணி நேரம் ஊறட்டும். ஊறினால்தான் தண்ணீர் நடுவரைக்கும் போய், உள்ளும் வெளியும் ஒன்றாக வேகும். இல்லாவிட்டால் மேலே வெடித்து, உள்ளே விறைத்து நிற்கும். ஊறியதை வடிகட்டியில் கொட்டி ஐந்து நிமிஷம் வையுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில், அரிசி அளந்த அதே டம்ளரால் ஒன்றரை டம்ளர் தண்ணீர். கொஞ்சம் உப்பு, ஒரு ஸ்பூன் நெய். தளதளவென்று கொதித்ததும் அரிசியைப் போட்டு ஒரே ஒரு தடவை மெதுவாகக் கலந்துவிடுங்கள். மறுபடி கொதி வந்ததும் இறுக்கமான மூடி போட்டு, அடுப்பை இருக்கிறதிலேயே சின்னதாக வையுங்கள். பாத்திரம் மெல்லிசு என்றால் அடியில் ஒரு பழைய தோசைக்கல் போடலாம். பத்திலிருந்து பன்னிரண்டு நிமிஷம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இன்னும் பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். மேலே நிற்கிற ஆவி எல்லாப் பருக்கைக்கும் பரவும், சாதமும் கொஞ்சம் இறுகும். சுடச்சுடக் கரண்டி போட்டால் ஒடியும். கடைசியில் முள்கரண்டியால் ஓரத்திலிருந்து பூப்போலக் கிளப்பிவிட வேண்டியதுதான்.

படிக்கச் சுலபம். அந்த இருபது நிமிஷம் மூடியைத் திறக்காமல் நிற்பதுதான் கஷ்டம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கேட்கவும் முடியாது. நம் கையில் இருந்த வேலை முடிந்துவிட்டது. இனி அரிசியின் வேலை. அங்கே நின்றபோதுதான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தவரை நினைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவரையும்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடுங்கப்பா, என்ன வேணும்ப்பா, ஏம்ப்பா பேசமாட்டேங்கறீங்க...

அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. தட்டில் சாதம், நெய், பாசிப்பருப்பு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிட ஆரம்பித்தேன். அப்பா முதலில் குனிந்து மோந்து பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து விரலில் வைத்து நீளம் பார்த்தார். அப்புறம் சாப்பிட்டார். பாதித் தட்டு காலியான பிறகு, தலை நிமிராமலே சொன்னார்.

"உங்கம்மாவுக்கு இந்த அரிசி பிடிக்காது. ஒரு தடவை அங்கேருந்து ரெண்டு கிலோ கொண்டாந்து குடுத்தேன். ஒட்டவே மாட்டேங்குது, ரசம் விட்டா நிக்காம ஓடுது, இதெல்லாம் ஒரு அரிசியான்னா."

அம்மா போனதிலிருந்து அவளைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறக்கவில்லை. அவராகவே இன்னும் கொஞ்சம் பேசினார். இன்னும் கொஞ்சம் சாதமும் போட்டுக்கொண்டார்.

கை கழுவிவிட்டுப் போகும்போது, "நாளைக்கு ரசம் வைப்பியாடா?" என்று கேட்டார்.

வைத்தேன். பொன்னி அரிசியில்தான், நன்றாகக் குழைய விட்டு.