அம்பாவுக்கு மைக் தேவையில்லை

கம்பஸ்ல முதல் தடவை 'ஸ்போக்கன் வேர்ட்' பார்த்தப்போ பொறாமையா இருந்தது. புத்தளம் கரையில் இருக்கிற எங்கட உடப்புல இப்படி ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன்.

லீவுக்கு வந்து, நாலைந்து பிள்ளைகளோடு கடற்கரையில் ஒரு சின்னப் பட்டறை நடத்தினேன். கொப்பி கொடுத்து, "கடலைப் பத்தி எழுதுங்க" என்றேன். ஒருத்தரும் ஒரு வரி எழுதல.

பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அம்பா எடுத்துக் கொடுக்க, கயிறு பிடித்தவர்கள் திருப்பிப் பாடினார்கள். பிள்ளைகள் கொப்பியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். கூடவே பாடினார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கவேண்டும், அதுக்குத்தான் அந்தத் தாளம். சாமியும் வரும், கிண்டலும் வரும்.

"பெரியப்பா, இதையெல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதி என்ன செய்ய மகன்? கயிறு கையில இருந்தாத்தான் வாயில வரும்."

அதுதான் பயமாக இருக்கிறது. சில கரைகளில் டிராக்டரில் வின்ச் பூட்டி வலை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். வின்ச்சுக்குப் பாட்டுத் தேவையில்லை. உழைப்புக் குறைவதை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, இழுத்துக் கை காய்த்தது அவர்களுக்குத்தானே.

அடுத்த பட்டறைக்குக் கொப்பி கொண்டுபோகமாட்டேன். பெரியப்பாவைக் கூப்பிடுவேன், ஒரு கயிறும்.