34ஆம் எண் கார் நிற்க வேண்டிய இடம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஸ்டாக் கார் பந்தய ரசிகர்களின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருப்பது வழக்கம். அதனுள் ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள உலோகக் கார்கள் வரிசையாக நிற்கும். ஓட்டியவர் பெயரைப் படிக்க எவரும் குனிவதில்லை. வெளிர்நீலக் கதவில் 43 என்றிருந்தால் ரிச்சர்ட் பெட்டி. கறுப்பு உடலில் சாய்ந்த 3 என்றிருந்தால் டேல் எர்ன்ஹார்ட். இருவரும் தலைக்கு ஏழு முறை நாஸ்கார் சாம்பியன் ஆனவர்கள். எண்ணும் நிறமும் சேர்ந்தே அங்கு ஒரு மனிதரின் பெயராகிவிடுகின்றன.

இந்தச் சிறு கார்களை டைகாஸ்ட் என்பர். துத்தநாகத்தை முதன்மையாகக் கொண்ட கலப்புலோகத்தை உருக்கி, எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்துடன் செலுத்துவர். சில நொடிகளில் அது இறுகிக் காரின் உடலாகும். பிறகு வண்ணப் பூச்சு. அதன்மேல் எண், விளம்பரச் சின்னம், ஓட்டுநரின் கையொப்பம். சேகரிப்பாளர் பெரிதும் விரும்பும் 1:24 அளவில் முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் தெரியும். கையில் எடுத்ததும் உணரப்படும் கனமே நெகிழிப் பொம்மையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிறது. உலோகத்தில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும் பல ஆண்டுகளுக்குப் பின் உள்ளிருந்தே வெடிப்பு கண்டு உதிரத் தொடங்கும். பழைய வார்ப்புகளைச் சேகரிப்போர் அஞ்சும் நோய் அது.

இவற்றில் ஒரு தனி வகை உண்டு. பந்தயத்துக்குப் புறப்பட்ட பளபளப்பான காராக அன்றி, வென்று நின்ற கணத்தில் இருந்த காராகவே அதை வார்ப்பார்கள். பக்கவாட்டில் டயர் உரசிய கறுப்புத் தடம், நசுங்கிய இடத்தில் ஒட்டிய நாடா, முன்கண்ணாடியில் படிந்த வண்ணக் காகிதத் துணுக்குகள் ஆகிய யாவும் அப்படியே இருக்கும். புத்தம்புதிய பொருளின் மேல் அழுக்கை அச்சிட்டு விற்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த அழுக்குக்காகவே அது வாங்கப்படுகிறது. இது இன்ன நாளில், இன்ன இடத்தில், உண்மையாகவே நடந்தது என்பதற்கு அந்தத் துணுக்குகள் சாட்சி.

எர்ன்ஹார்ட் 1998இல் தமது இருபதாவது முயற்சியில் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். அவர் கார் மெல்ல ஊர்ந்து வருகையில் போட்டி அணிகளின் பணியாளர்கள் வரிசையாக நின்று கை நீட்டினர். 2001 பிப்ரவரி 18 அன்று அதே களத்தில், அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி அவர் இறந்தார். அதன்பின் கறுப்பு 3, அலமாரியில் நின்ற விளையாட்டுப் பொருளாக இல்லை. பல வீடுகளில் அது நினைவுச் சின்னமாயிற்று.

வென்ற கணத்தை உலோகத்தில் நிறுத்த வேண்டுமானால், முதலில் அந்தக் கணம் வென்றவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். இந்த விளையாட்டில் அது என்றுமே எளிதாக இருந்ததில்லை. கடையில் விற்கும் அதே வகைக் காரை மாற்றாமல் ஓட்டுவது என்பதே ஸ்டாக் கார் என்னும் சொல்லின் தொடக்கப் பொருள். நாஸ்கார் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் அத்தகைய கார்களுக்கு நடத்திய முதல் பந்தயத்தில் முதலில் வந்தவர் கிளென் டனவே. அவர் ஓட்டியது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட கார். அதன் பின்புற ஸ்பிரிங் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, வெற்றி ஜிம் ரோப்பருக்குச் சென்றது. 1959இல் நடந்த முதல் டேடோனா 500இலும் இதே குழப்பம். ஜானி போச்சாம்ப் வென்றதாக அறிவித்தனர். பின்னர் புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் ஆராய்ந்து, மூன்று நாள் கழித்து, வென்றவர் லீ பெட்டி என்று திருத்தினர். ரிச்சர்டின் தந்தை அவர். பிழையைத் திருத்தும் வழி இவ்விளையாட்டுக்குத் தெரிந்தே இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1963 டிசம்பர் 1 அன்று, புளோரிடாவின் ஜாக்சன்வில் மண் தடத்தில் 34ஆம் எண் செவ்ரோலே ஓடியது. அதை ஓட்டியவர் வர்ஜீனியாவின் டேன்வில் நகரைச் சேர்ந்த வெண்டெல் ஸ்காட். இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றியவர், டாக்சி ஓட்டியவர், கள்ளச்சாராயம் கடத்தியவர், தேர்ந்த மெக்கானிக், கறுப்பினத்தவர். பெரிய நிறுவனங்களின் ஆதரவு அவருக்கு இல்லை. பிறர் ஓட்டிக் கழித்த கார்களை வாங்கித் தாமே செப்பனிடுவார். பிள்ளைகளே அவருடைய அணி. காரின் மேல், மெக்கானிக்கின் பெயர் வரும் இடத்தில், ‘நான்’ என்று எழுதி வைத்திருந்தார்.

அன்று ரிச்சர்ட் பெட்டியின் கார் பழுதுபட்டு வேகம் குறைய, ஸ்காட் அவரைக் கடந்து முன்னிலை பெற்றார். ஆனால் முடிவுக் கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. கோப்பையும் படங்களும் அவருக்கே போயின. கூட்டம் கலைந்து சில மணி நேரம் சென்றபின், கணக்கில் பிழை நேர்ந்ததாகவும், ஸ்காட் இரண்டு சுற்று முன்னிலையில் வென்றதாகவும் அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். பரிசுத் தொகை கிடைத்தது. கோப்பை அதற்குள் களத்தை விட்டுப் போயிருந்தது. வெற்றியாளருக்கு வெள்ளைப் பெண்ணொருத்தி முத்தமிடும் சடங்கு அக்காலத்தில் இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவரை அந்த மேடையில் நிறுத்த அஞ்சியே கணக்கு தவறியது என்று ஸ்காட்டும் அவர் குடும்பத்தாரும் கருதினர்.

ஸ்காட் 1973 வரை உயர்நிலைப் பந்தயங்களில் ஓட்டினார். மொத்தம் 495 பந்தயங்கள். 147 முறை முதல் பத்து இடங்களுக்குள். வெற்றி ஒன்றே ஒன்று. 1990இல் அவர் இறந்தார். 2015இல் நாஸ்கார் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 28 அன்று, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், டேடோனா களத்தில் புதிதாகச் செய்த ஒரு கோப்பையை நாஸ்கார் அவருடைய குடும்பத்தாரிடம் அளித்தது. லீ பெட்டி மூன்று நாள் காத்திருந்தார். ஸ்காட்டின் வீடு ஏறத்தாழ 58 ஆண்டுகள் காத்திருந்தது. அடுத்த சில வாரங்களில், அக்டோபர் 4 அன்று, டாலடேகாவில் 23ஆம் எண் காரை ஓட்டிய பப்பா வாலஸ், நாஸ்காரின் உச்சநிலைப் பந்தயத்தை வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநரானார்.

சிறு கார்களின் உலகம் யாரை வார்க்கும் என்பது அன்பை மட்டும் பொறுத்ததன்று. ஓட்டுநர், அணி, கார் நிறுவனம், கதவில் சின்னம் பதித்த விளம்பரதாரர் ஆகியோரின் உரிமங்கள் அதில் பின்னியுள்ளன. விளம்பரதாரர் உள்ளவர் பல வண்ணங்களில் பெருகுவார். காரின் மேல் தம்மைத் தவிர வேறு பெயர் எழுத இல்லாதவர் அந்தச் சந்தைக்குப் பொருந்துவது கடினம். இதை வாங்குவோரின் குற்றமாகச் சொல்வதற்கில்லை. தந்தையோடு பந்தயம் பார்த்த ஞாயிறுகளை ஒருவர் 43இலும் 3இலும் காண்கிறார். அந்த நேசம் உண்மையானது. ஆயினும், நடந்ததை நடந்தபடி காட்டுவதே நகலின் அறம் என்றால், அலமாரியில் எந்தக் கணங்கள் நிற்கின்றன என்பதோடு, எந்தக் கணம் நடக்கவே விடப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

ஜாக்சன்வில் காரை அன்று மாலை இருந்தபடியே வார்க்க ஒருவர் முனைந்தால் அவருக்கு வேலை குறைவு. வண்ணக் காகிதத் துணுக்குகள் தேவையில்லை, கோப்பையும் தேவையில்லை. 34 என்ற எண், காரின் மேல் எழுதிய அந்த ஒற்றைச் சொல், சக்கரங்களிலும் கதவுகளிலும் அப்பிய தடத்தின் மண். அவ்வளவே போதும். அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடியது அந்தக் கார்தான்.