பனிக்கட்டிக்குள் எக்ஸ் கதிர்

தூசும் பனியும் கலந்த கட்டிதான் வால்மீன். எக்ஸ் கதிர் வருவதென்றால் பல லட்சம் டிகிரியில் கொதிக்கும் வாயு இருக்க வேண்டும் என்பது அப்போதைய வானியல் பாடம். ஆனாலும் 1996 மார்ச் கடைசியில், ஹயகுடாகே வால்மீன் பூமிக்கு ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வந்தபோது, கேரி லிஸ்ஸி, கொன்ராட் டென்னர்ல் முதலான வானியலாளர்கள் ரோசாட் என்ற விண்வெளி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார்கள். சூரியனைப் பார்த்த பக்கம் பிறை வடிவில் பளிச்சென்று தெரிந்தது. எதிர்பார்த்ததைவிடச் சுமார் நூறு மடங்குப் பிரகாசம்.

அந்த வால்மீனைக் கண்டுபிடித்த யூஜி ஹயகுடாகேயை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை. இருட்டான வானத்துக்காகவே ஜப்பானின் ககோஷிமாப் பக்கம் குடிபெயர்ந்தவர். 150 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட கனத்த பைனாகுலர்தான் அவருடைய கருவி. 1995 டிசம்பர் 25 அன்று ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதோடு மனிதர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஐந்தே வாரத்தில், ஜனவரி கடைசியில், விடியலுக்கு முன் மறுபடி வானத்தைத் துழாவினார். முதல் வால்மீனைக் கண்ட இடத்துக்குக் கிட்டத்தட்ட அருகிலேயே இன்னொன்று! பார்த்து முடித்த இடம் என்று அவர் அதைக் கடந்து போயிருந்தால்? எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. மார்ச்சில் அது சுவாதி நட்சத்திரத்தை ஒட்டி வந்தபோது, நீலப்பச்சைப் புகைபோல வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதன் எக்ஸ் கதிர் மட்டும் நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது; அதைப் பார்க்க விண்வெளியில் இருந்த ரோசாட்தான் வேண்டியிருந்தது.

பனிக்கட்டியிலிருந்து எக்ஸ் கதிர் வந்த காரணத்தை 1997-இல் இயற்பியலாளர் தாமஸ் க்ரேவன்ஸ் சொன்னார். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக்காற்றில் எலக்ட்ரான்களை ஏறக்குறைய முழுவதும் பறிகொடுத்த ஆக்ஸிஜன், கார்பன் அயனிகள் விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வருகின்றன. வால்மீன் கக்கும் நீராவிக்குள் நுழைந்ததும் அங்குள்ள மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கின்றன. அந்த எலக்ட்ரான் படிப்படியாகக் கீழ்நிலைக்கு இறங்குகையில் வெளிப்படுவதுதான் எக்ஸ் கதிர். வெப்பம் சூரியனுடையது, வால்மீன் கொடுத்ததெல்லாம் எலக்ட்ரான் மட்டுமே.

இன்னொரு செய்தி எனக்கு இதைவிடப் பிடித்தது. 1990-91-இல் ரோசாட் வானம் முழுவதையும் அளந்து வைத்த பதிவுகளை டென்னர்ல் குழுவினர் திரும்பப் புரட்டினார்கள். அங்கேயும் வால்மீன்கள் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. யாரும் தேடாததால் ஐந்தாறு வருஷம் அப்படியே கிடந்திருக்கின்றன. அதே பதிவுகளில் தொல்லை தரும் இரைச்சல் என்று கழித்துத் தள்ளிய ஏற்ற இறக்கங்கள் வேறு இருந்தன. பூமியைச் சுற்றியுள்ள மெல்லிய ஹைட்ரஜனிலும் சூரியக்காற்று இதே பறிப்பை நடத்துகிறது என்பது பிறகு புரிந்தது. ஆக, தொலைதூர அண்டங்களை எக்ஸ் கதிரில் பார்ப்பவர்கள் இந்த மெல்லிய ஒளியின் ஊடாகவே பார்க்கிறார்கள்.

2000 ஜூலையில் சந்திரா தொலைநோக்கி லீனியர் எஸ்4 வால்மீனைப் பார்த்து, ஆக்ஸிஜன், நைட்ரஜன் அயனிகளின் நிறமாலைக் கோடுகளையே பிரித்துக் காட்டியது. க்ரேவன்ஸ் சொன்னதற்கு அது நேரடிச் சாட்சி. அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சென்னை மாநிலக் கல்லூரியின் முன்னாள் மாணவர், வானியற்பியலாளர் சந்திரசேகர் 1995 ஆகஸ்டிலேயே போய்விட்டார். ஹயகுடாகே வால்மீன் கண்ணில் பட இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நட்சத்திரங்களின் உள்ளே நடப்பதைக் கணக்குப் போட்டவர், பனிக்கட்டி விடும் எக்ஸ் கதிரைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

ரோசாட் 2011 அக்டோபரில் நம் வங்காள விரிகுடாவின் மேல்தான் எரிந்து விழுந்தது. அது தொடங்கிவைத்த வேலை நிற்கவில்லை. வால்மீனின் எக்ஸ் கதிரைப் பிரித்துப் பார்த்தால், அது இருக்கும் இடத்தில் சூரியக்காற்றில் எந்தெந்த அயனி எவ்வளவு என்று கணிக்கலாம். விண்கலம் எதுவும் நிற்காத இடத்திலும் ஒரு வால்மீன் போனால் போதும், அளவு கிடைத்துவிடும்.