பாட்டியின் பெயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மாண்ட்ரியலில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் கியூபெக் மாநிலத்தின் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். பேத்திக்காக ஒரு வம்சப் படம் தயாரிக்கிறாள். விசிறி வடிவம். நடுவில் பேத்தி, அடுத்து அப்பா அம்மா, பிறகு 4, 8, 16 என்று கட்டங்கள் பெருகிக்கொண்டே போகும்.

அவள் பக்கம் 350 வருடத்துக்கு நிரம்பிவிட்டது! பெரிய குடும்பம் ஒன்றுமில்லை, விவசாயிகள்தான். ஆனால் அங்கே பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறார்கள். திருமணப் பதிவில் பெரும்பாலும் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் இருக்கும். ஒன்று கிடைத்தால் அடுத்த தலைமுறைக்கு வழி கிடைத்துவிடும்.

இதில் சிக்கல் தந்தவர்கள் ஆண்கள்தான். ஞானஸ்நானத்தில் ஒரு குடும்பப் பெயர், கல்யாணத்தில் வேறு பெயர். காரணம் 'தி' என்ற சின்னச் சொல். நம் ஊர்ப் பத்திரங்களில் 'என்கிற' என்று எழுதுவோமே, அதேதான். 1665இல் பிரான்சிலிருந்து வந்த படைவீரர்களுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. லாஃப்ளூர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையில்லாதவன். ஊரை வைத்தும் பெயர் வரும். லான்ஷெவின் என்றால் ஆன்ஷூ பகுதிக்காரர். பிள்ளைகளில் ஒருவர் பழைய பெயரை வைத்துக்கொள்வார், இன்னொருவர் பட்டப்பெயரை. இரண்டு தலைமுறையில் ஒரே ரத்தம் இரண்டு குடும்பமாகிவிடும்.

பெண்கள் அப்படியில்லை. ஊரார் கணவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். பதிவேட்டில் மட்டும் பிறந்த வீட்டுப் பெயர்தான், அடக்கம் வரைக்கும். மருமகள் தடுமாறிய இடத்திலெல்லாம் கைகொடுத்தது மனைவியின் பெயர்தான்.

அவளுடைய முன்னோர்களில் ஒருவர் ஷாக் மிவில் தி தெஷேன். 1669இல் அவர் மணந்த பெண் கத்ரீன் தெ பையோன். 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு அரசர் தம் செலவில் கனடாவுக்குக் கல்யாணத்துக்காக அனுப்பிய ஏறக்குறைய 800 பெண்களில் ஒருத்தி. 'ராஜாவின் மகள்கள்' என்று அவர்களைச் சொல்வார்கள். கத்ரீனின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டே போன ஆராய்ச்சியாளர்கள் பேரரசர் சார்லமேன் வரை போய்விட்டார்கள். 'திருமதி தெஷேன்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வழி அடைபட்டுப் போயிருக்கும்.

1981 முதல் கியூபெக்கில் மணமான பெண் தன் பிறந்த பெயரிலேயே தொடர்வதுதான் சட்டம். பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டும் சேர்த்து, எதையும் வைக்கலாம். என் பேத்திக்கு இரண்டும் உண்டு. அதில் எங்கள் பக்கத்துக் 'குடும்பப் பெயர்' என் கணவரின் சொந்தப் பெயர்! அவருக்கு முந்தியவர்களுக்கு அது பொருந்தாது.

நம் பக்கத்து விசிறிக்கு வருவோம். என் அப்பாவின் அப்பா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயர் பழைய கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. அம்மா பெயர் எதிலும் இல்லை. நிலம் அவள் பேரில் இல்லையே! ஊருக்குப் போன் செய்து 91 வயது அத்தையிடம் கேட்டேன். "அவளைக் கமுதிக்காரின்னுதான்டி சொல்லுவாக. பேரு யாரு சொன்னா?" என்றார்.

எட்டுப் பிள்ளை பெற்றவள். அவள் வழியில் இன்று நாங்கள் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம்.

பேத்தி அந்தக் கட்டத்தைக் காட்டி, "இவங்களுக்குப் பேரே கிடையாதா?" என்றாள். இருந்தது, எழுதி வைக்கவில்லை என்றேன். 'கமுதிக்காரி' என்றே எழுதச் சொன்னேன். "லான்ஷெவின் மாதிரிதானே அத்தை" என்று சொல்லிக்கொண்டே மருமகள் எழுதினாள்.

நண்பர்களே, இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் அம்மா, அம்மாவின் அம்மா, அப்பாவின் அம்மா பெயர்களை ஊரோடு எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய அம்மா பெயரையும் கேளுங்கள். எத்தனை தலைமுறைப் பாட்டிகளின் பெயர் உங்களுக்குத் தெரியும்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.