உப்புச் சாலையில் ஓடும் கார்

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் கனடாவின் கிழக்குப் பகுதியிலும் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் கார்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. ஒன்று, உரிமையாளர் நேசிக்கும் கார். அதனைக் கழுவித் துடைத்து, மெழுகு பூசி, துணிப்போர்வையால் மூடி, ஏப்ரல் வரை கொட்டகையில் நிறுத்திவிடுவர். மற்றது, எவருடைய நேசத்துக்கும் உரியதல்லாத பழைய வண்டி. துரு தின்னும் வரை ஓட்டி, தின்று முடித்ததும் கழித்துக் கட்டுவதற்கென்றே மலிவாக வாங்கப்படுவது. பணக் கணக்கில் இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆயினும் இதன் விளைவு விந்தையானது. ஆண்டில் ஐந்து மாதங்கள் மனிதர் தமக்குப் பிடிக்காத காரில் பயணம் செய்கிறார். பிடித்த காரை இருட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

இவ்விரு வகைக்கும் அப்பால் சிறு கூட்டமொன்று உண்டு. நேசிக்கும் காரையே பனியிலும் ஓட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களை அக்கறையற்றவர்கள் என்றோ வசதி மிகுந்தவர்கள் என்றோ பிறர் எண்ணிக்கொள்வதுண்டு. அவர்களுட் பலர் இரண்டுமல்லர். எந்தத் தேய்மானத்துக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்து அறிந்திருப்பதே அவர்களுடைய சிறப்பு. அந்தப் பகுத்தறிவு கார்களுக்கு மட்டும் உரியதன்று. பேணுதல் என்ற சொல்லின் பொருளையே அது தொட்டு நிற்கிறது.

முதலில் அச்சத்தின் காரணத்தைப் பார்க்க வேண்டும். பனிநாடுகளில் காருக்குப் பகை பனியன்று, உப்பு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938-இல் சாலைப் பனியை உருக்குவதற்கு உப்பைத் தூவிச் சோதித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வழக்கம் பனிப்பகுதி முழுவதும் பரவியது. இன்று அந்நாட்டின் சாலைகளில் ஆண்டொன்றுக்குக் கொட்டப்படும் உப்பு ஏறத்தாழ 2 கோடி டன் எனக் கணக்கிடுகின்றனர். உப்புக் கலந்த நீர் 0 பாகை செல்சியசில் உறைவதில்லை. தக்க செறிவில் மைனஸ் 21 பாகை வரை நீராகவே நிற்கும். ஆகவே பனி உருகுகிறது, சாலை கறுப்பாகத் தெரிகிறது, மனித உயிர்கள் காக்கப்படுகின்றன. அதற்கான விலையின் ஒரு பகுதியை இரும்பு செலுத்துகிறது. உப்புநீர் மின்னைக் கடத்தும். துருவேறுதல் ஒரு மின்வேதி வினை. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இரும்பின் மேல் படியும் காப்புப் படலத்தைச் சிதைக்கின்றன. அன்றியும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதால், மழையோ பனியோ இல்லாத நாளிலும் காரின் அடிப்பகுதி நனைந்தே இருக்கிறது. கடலோர ஊர்களில் சன்னல் கம்பிகள் படும் பாட்டைக் கண்டவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை.

அச்சம் உண்மையானதே. ஆனால் அந்த அச்சம் பெரும்பாலும் தவறான இடத்தில் குடிகொள்கிறது. பனிச்சாலையில் ஒரு காருக்கு நேரும் சேதங்களை இரண்டாகப் பகுக்கலாம். முன்னால் செல்லும் லாரியின் சக்கரம் தெறித்த சரளைக்கல் பானெட்டில் ஏற்படுத்தும் புள்ளி, பம்பரில் விழும் கீறல், சக்கர வளையத்தில் மங்கும் பளபளப்பு, மிதியடியில் படரும் வெண்கறை ஆகியன ஒரு வகை. கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற எஃகுப் பகுதி உள்ளிருந்து அரிக்கப்படுதல், பிரேக் எண்ணெய் செல்லும் குழாய் துருவேறி மெலிதல், சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டிருக்கும் இடம் இற்றுப்போதல் ஆகியன மற்றொரு வகை. முன்னது கண்ணில் படும், காரைக் கொல்லாது. பின்னது கொல்லும், கண்ணில் படாது. உரிமையாளரின் கவலையோ கண்ணைப் பின்தொடர்ந்து செல்கிறது. பளபளக்கும் மேனியோடு காட்சிக்கு நிற்கும் கார், தூக்கியில் ஏற்றிப் பார்க்கும்போது அடிப்பாகத்தில் விரல் நுழையும் ஓட்டையோடு இருப்பதைப் பழைய கார்களைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவர்.

கவலை தானே ஒரு தேய்மானக் காரணி என்பதும் கருதத்தக்கது. ஒரு காரின் வண்ணப்பூச்சு அடுக்குகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் பருமன். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். கீறலை மறைப்பதற்காகத் தேய்த்து மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய படலத்தில் சிறிது கரைந்து போகிறது. வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் நுண்கீறல்களுள் பெரும்பாலானவை சாலையால் வந்தவை அல்ல. உப்புத் தூசி படிந்த மேனியைப் பொறுக்கமாட்டாமல் உலர்ந்த துணியால் துடைத்த கையால் வந்தவை. அழுக்கை அழுக்காகவே சில நாள் விட்டுவைக்கத் தெரிந்தவரின் கார், அன்றாடம் துடைப்பவரின் காரைவிட நல்ல மேனியோடு இருப்பதில் வியப்பில்லை.

நிறுத்தி வைத்தல் என்பது காலத்தின் கையிலிருந்து தப்பித்தல் அன்று. பல மாதம் அசையாமல் நிற்கும் காரின் டயர்கள் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகின்றன. ரப்பர் அடைப்புகள் எண்ணெய் படாமல் வறள்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சிக் கெடுகிறது. மின்கலம் தானே வடிகிறது. கதகதப்பு நாடி வரும் எலிகள் இருக்கைப் பஞ்சில் கூடு கட்டி, மின்கம்பிகளைக் கடிக்கின்றன. வாரம் ஒருமுறை கொட்டகைக்குள்ளேயே எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பவரும் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல் நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்யும். எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறும் அளவுக்கு எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால், அந்நீர் எண்ணெயிலும் புகைபோக்கியிலும் தங்கிவிடுகிறது. முறையாகச் செய்தால் நிறுத்தி வைப்பதும் ஒரு பேணல்தான்; ஆனால் அதற்கும் தேய்மானம் என்னும் வரி உண்டு. ஓடாத காரும் முதுமை அடைகிறது, ஓடிய நினைவு ஒன்றும் இல்லாமலே.

நியூயார்க்கின் லாங் தீவில் வாழ்ந்த இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அவர் 1966-இல் சிவப்பு நிற வால்வோ பி1800 காரொன்றைப் புதிதாக வாங்கினார். ஓராண்டுச் சம்பளத்துக்கு நெருங்கிய தொகை அது. சுவீடன் நிறுவனத்தின் அழகிய இருகதவுக் கார் என்று இன்று சேகரிப்பாளர்கள் போற்றும் வகை. 1973-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டதால் இனி வரப்போவதும் இல்லை. கார்டன் அதனைப் போர்வைக்குள் வைக்கவில்லை. நாள்தோறும் பள்ளிக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டினார். அமெரிக்கப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில் வருவது. வகுப்புகள் நடப்பது குளிர்காலத்தில். ஆசிரியர் ஒருவர் தம் காரில் பணிக்குச் செல்கிறார் என்றாலே பனிக்காலத்தில் செல்கிறார் என்பதுதான் பொருள்.

அந்தக் கார் 2013-இல் அலாஸ்காவில் 30 லட்சம் மைல்களைத் தொட்டது. அதாவது 48 லட்சம் கிலோமீட்டர். ஒரே உரிமையாளர் ஓட்டிய மிக நீண்ட தொலைவு என்று கின்னஸ் பதிவேடு அதனை ஏற்றது. 6,80,000 மைல் ஓடிய பிறகே எஞ்சின் முதன்முறையாகப் பிரித்துச் சீரமைக்கப்பட்டது. இதன் இரகசியம் என்ன என்று கேட்டவர்களிடம் அவர் பெரிய தத்துவம் எதனையும் சொல்லவில்லை. கையேட்டில் குறித்தபடி உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுதல், ஓசை மாறினால் உடனே கவனித்தல் போன்ற எளிய பழக்கங்களையே சொல்லி வந்தார். 2018-இல் அவர் காலமானார். பி1800 வகைக் கார்கள் மொத்தம் 47,000-க்கு மேல் செய்யப்பட்டன. அவற்றுள் அவருடையதைவிடக் குறைவாக ஓடிய, மாசு குறைந்த கார்கள் எத்தனையோ இருக்கக்கூடும். உலகம் பெயர் சொல்லி அறிந்தது ஓடிய காரைத்தான்.

எதிர்வாதம் வலுவற்றதன்று. தொழிற்சாலையில் பூசிய முதல் வண்ணம் ஒருமுறைதான் இருக்கும்; போனால் மீட்க முடியாது. உலகில் இரண்டோ மூன்றோ எஞ்சியுள்ள வகையென்றால், அதனை உப்பில் ஓட்டுவது ஒருவர் தம் உரிமையை மட்டும் செலவிடுவதாகாது. பிறருக்கும் உரிய சான்று ஒன்றை அழிப்பதாகும். ஓலைச்சுவடியின் ஒரே பிரதியை எல்லோர் கையிலும் கொடுக்க எந்த நூலகரும் ஒப்பமாட்டார். அத்தகைய கார்களுக்குக் கொட்டகையே தகும். ஆனால் நேசிக்கப்படும் கார்களுட் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்டு, ஒருவருக்கு மட்டும் ஒப்பற்றதாய் ஆனவை அவை. அந்த ஒப்பின்மையும் அவர் அதில் சென்ற பயணங்களால் வந்தது.

பழைமை வாகனங்களைப் பேணுவோரின் உலகளாவிய கூட்டமைப்பான ஃபிவா, கட்டடச் சின்னங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, டூரின் சாசனம் என்ற ஒன்றை 2012-இல் ஏற்றுக்கொண்டது. வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற தடயங்கள் மதிக்கப்பட வேண்டும் என்பதும், சாலையில் ஓடுவது அதன் இயல்பின் பகுதி என்பதும் அச்சாசனத்தின் உள்ளோட்டம். பேணுதலையே தொழிலாகக் கொண்டோர் ஓட்டத்தையும் தழும்பையும் பேணலுக்குள் சேர்த்திருக்கும்போது, தனி உரிமையாளர் ஒரு கல்பட்ட புள்ளிக்காகத் தூக்கம் இழப்பது மிகையே.

பனிக்காலத்தைத் தவிர்ப்பவர் இழப்பது ஐந்து மாதங்களை மட்டுமன்று. உலர்ந்த சாலையில் ஒரு காரின் பிடிப்பின் எல்லையை அறிய வேண்டுமாயின் பொதுச்சாலைக்குப் பொருந்தாத வேகம் வேண்டும். பனியில் அந்த எல்லை மிகக் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். எடை எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரம் முதலில் வழுக்குகிறது, ஸ்டீயரிங் எத்தனை மெல்லிய சேதியைக் கைக்குக் கொண்டுவருகிறது என்பனவற்றைக் காலியான ஒரு மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கற்றுக்கொள்ளலாம். சின்னஞ்சிறு மினி கூப்பர் கார் தன்னைவிடப் பன்மடங்கு வலிய கார்களை வென்று 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ பந்தயத்தில் முதலிடம் பெற்றது சனவரி மாத மலைச்சாலைகளில்தான். குளிர்காலத்தில் ஓட்டாதவர் தம் காரின் பாதிக் குணத்தை அறியாமலே அதனை நேசிக்கிறார் எனலாம்.

கீறலுக்கு அஞ்சாதவர் எதற்கும் அஞ்சாதவர் அல்லர். அவருடைய அக்கறை வேறிடத்தில் வேலை செய்கிறது. முதல் பனிக்கு முன்பே உள்ளீடற்ற எஃகுப் பகுதிகளில் காப்பு மெழுகைத் தெளித்துவிடுகிறார். கதவின் கீழ்விளிம்பிலுள்ள நீர்வடி துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுக்கிறார். வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும் என்பதால் குளிர்கால டயருக்கு மாறுகிறார். உறைநிலைக்கு மேல் வெப்பம் ஏறும் நாளில் காரின் அடிப்பாகத்தை நீரால் அலசுகிறார். உப்பு படிந்த காரைச் சூடாக்கிய கொட்டகையில் நிறுத்துவதில்லை. உறைந்த உப்பைவிட உருகிய உப்பு விரைந்து அரிக்கும் என்பதை அறிவார். சரளைக்கல் வண்ணத்தின் மேலடுக்கை மட்டும் தொட்டிருந்தால் விட்டுவிடுகிறார்; எஃகு வெளித்தெரிந்தால் மட்டும் அதன்மேல் ஒரு துளி வண்ணத்தை வைத்து மூடுகிறார். அந்தத் துளி அழகாக அமையவேண்டும் என்பதில்லை, நீர் புகாமல் அடைத்தால் போதும்.

கேள்வி இறுதியில், யாருக்காகப் பேணுவது என்பதில் வந்து நிற்கிறது. மாசுமறுவற்ற மேனியின் பயன் பெரும்பாலும் அடுத்து வாங்குபவருக்கே சேர்கிறது. இந்தியாவில் புதிய காரின் இருக்கைகளை மூடி வரும் பாலித்தீன் உறையை ஆண்டுக்கணக்கில் கிழிக்காமல் அதன்மேலேயே வியர்த்து அமர்ந்திருப்பவர்களும், பனிநாட்டில் ஐந்து மாதம் போர்வை போர்த்துபவர்களும் இதில் ஒன்றுபடுகின்றனர். இருவரும் முகம் தெரியாத ஒருவருக்காகக் கூலியின்றிக் காவல் காக்கின்றனர். அது ஒருவகைத் தியாகமாகவும் இருக்கலாம். ஆனால் அதனைத் தெரிந்து செய்தல் வேண்டும்.

முப்பது வயதில் விரும்பிய காரை நாற்பத்தைந்தில் வாங்கும் ஒருவருக்கு, கண்ணும் கையும் இடம் தரும் குளிர்காலங்கள் இன்னும் முப்பது இருக்கலாம், இருபதும் இருக்கலாம். ஆண்டுதோறும் ஐந்து மாதத்தைக் கழித்தால், அவற்றுள் எட்டு முதல் பன்னிரண்டு முழு ஆண்டுகள் கொட்டகைக்குப் போய்விடும். எஃகு அரிக்கப்படாமல் காப்பதற்கு மெழுகும் நீரும் போதுமென்றால், பானெட்டின் மீது விழும் சில புள்ளிகளுக்கு ஈடாக அத்தனை ஆண்டுகளைக் கொடுப்பது பெரிய விலை. கணக்குத் தெரிந்த உரிமையாளர் சனவரிக் காலையில் கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டு, எஞ்சின் சூடாகும் வரை மெதுவாக ஓட்டிச் செல்கிறார். அடிப்பாகத்தை அலசும் வேலை சனிக்கிழமைக்கு இருக்கிறது.