ஆச்சி வந்த கோடை

தீவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை என்பது வெயிலால் மட்டும் அறியப்படும் பருவம் அன்று. உறவினரால் அறியப்படும் பருவமும் ஆகும். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டவுடன் நம்மில் ஒரு பாதியினர் பெட்டி படுக்கையுடன் தமிழகத்திற்குப் புறப்படுகின்றனர். மற்றொரு பாதியினர் ஹேடோ துறைமுகத்தில் நின்று, கப்பலிலிருந்து இறங்கும் முகங்களில் தம் முகத்தைத் தேடுகின்றனர். ஊருக்குப் போய் வந்தவர்கள் தம் அனுபவத்தைப் பேசக் கேட்டிருக்கிறோம். உறவினரை இங்கே வரவேற்றவர்களின் அனுபவமும் பேசத்தக்கதே அன்றோ? அந்த எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் என் தாயாரும், தமையனாரும், மதினியும், அவர்களுடைய மக்கள் இருவரும் சென்னையிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தனர். சென்னைக்கும் நம் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். வானூர்தியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். கப்பலிலோ மூன்று நாள். எழுபத்திரண்டு வயதான என் தாயார் கப்பலைத் தேர்ந்ததற்குக் காரணம் வானத்தின்மேல் அச்சம் அன்று, சாமான்களின்மேல் கொண்ட பற்றேயாகும். கருப்பட்டி, புளி, வடகம், மோர் மிளகாய், மாவடு, ஒரு பல்லாங்குழிக் கட்டை ஆகிய இவற்றை எல்லாம் எந்த வானூர்தி ஏற்றுக்கொள்ளும்?

அதே வாரத்தில் என் மாமனாரும் கச்சால் தீவிலிருந்து கப்பலில் வந்தார். டிலானிப்பூரில் எங்களுக்கு வாய்த்திருப்பது இரண்டே அறைகள் கொண்ட குடியிருப்பு. நாங்கள் நால்வர், வந்தவர் அறுவர். படுக்கை விரித்தால் நடக்க இடமில்லை. ஆயினும் என் மகள் (அப்போது அவளுக்கு வயது ஒன்பது), 'வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது' என்றாள். அவளுக்கும் ஆறு வயதான அவள் தம்பிக்கும் பாட்டி, பெரியப்பா, பெரியம்மா என்பவர்கள் அதுவரை கைப்பேசியின் சிறு கண்ணாடிக்குள் இருந்தவர்கள். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்து சேர்ந்த பிறகு அந்த முகங்கள் தெளிவாகத் தெரிந்தன என்பது உண்மை. ஆனால் கண்ணாடி முகத்துக்கு மடி இல்லையே!

முதல் நாள் விடியலிலேயே அம்மாவுக்குத் திகைப்பு. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கும் வழக்கமுடையவர், எழுந்து பார்த்தால் கதிரவன் அவருக்கு முன்பே எழுந்திருக்கிறான்! மாலை ஐந்தரை மணி கடந்ததும் இருள் கவியத் தொடங்கிவிட்டது. 'என்ன ஐயா, உங்கள் ஊர்ச் சூரியனுக்கு இவ்வளவு அவசரம்?' என்று கேட்டார். நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்று. நாமோ அக் கடிகாரத்துக்கு ஆதாரமான தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகை கிழக்கே வாழ்கிறோம். ஆதலின் நமக்கு உதயமும் அத்தமனமும் தமிழ்நாட்டைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்திவிடுகின்றன. இதனை என் மகள் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கைவிளக்கையும் வைத்துப் பாட்டிக்கு விளக்கினாள். பாட்டிக்குக் கணக்குப் புரிந்ததோ இல்லையோ, பேத்தியின் கெட்டிக்காரத்தனம் நன்றாகப் புரிந்தது.

இரண்டாவது திகைப்பு தண்ணீர். தாமிரபரணிக் கரையில் வாழ்நாள் முழுவதும் முங்கிக் குளித்தவர் அவர். நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊரில் குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராது என்றால் நம்புவாரா? ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிந்தாலும், சரிவான சிறு தீவாகையால் பெரும்பகுதி கடலுக்கே ஓடிவிடுகிறது. தனிக்காரி அணையில் தேங்கியதே நகருக்கு முதன்மையான ஆதாரம். ஏப்ரல், மே மாதங்களில் அதுவும் வற்றத் தொடங்கும். குழாயில் நீர் வந்துவிட்டால் தெருவே 'பானி ஆ கயா' என்று கூவும். அம்மா கற்ற முதல் இந்திச் சொற்கள் அவைதாம். இரண்டாம் வாரத்தில் அக் கூவலை முதலில் எழுப்பியவரும் அவரே. வங்காளத்து அடுத்த வீட்டு அம்மையாரும், எதிர் வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தாரும் குடங்களுடன் ஓடி வந்து, கூவியது யார் என்று கண்டு சிரித்தனர். அன்று முதல் அவர் தெரு முழுவதற்கும் 'ஆச்சி' ஆனார்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் கோடையைச் சொன்னதாகாது. ஊரிலிருந்து வந்த அண்ணன் மக்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினர். என் மக்களோ வீட்டுக்குள் தமிழும், வாசற்படியைத் தாண்டியதும் தீவுக்கே உரிய இந்தியும் பேசினர். முதல் மூன்று நாள் நால்வருக்கும் பொதுமொழி பல்லாங்குழி ஒன்றே. புளியங்கொட்டைகளை எண்ணும்போது மட்டும் எல்லாரும் தமிழில் எண்ணினர். ஏனெனில் நடுவர் ஆச்சி. அவருக்குப் பிறமொழி எண்கள் செல்லா.

கார்பின் கடற்கரைக்குப் போனபோது என் தமையனார், ஆற்றில் நீந்திய துணிவில் சட்டையைக் கழற்றினார். என் சிறுவன் அவர் கையைப் பற்றி, 'பெரியப்பா, பலகையைப் படியுங்கள்' என்றான். உவர்நீர் முதலை பற்றிய எச்சரிக்கை அது. ஹேவ்லாக் என்று அந்நாளில் வழங்கிய சுயராஜ் தீவில் 2010ஆம் ஆண்டு சுற்றுலா வந்த ஒருவரை முதலை கொன்றதை இங்குள்ள சிறு பிள்ளைகளும் அறிவர். பிறகு அண்ணன் மகன் அழகிய பவளத் துண்டு ஒன்றைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டான். உடனே என் மகள், 'உயிரற்ற பவளமானாலும் எடுத்துச் செல்வது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளியே போகும்போது சோதனையில் பிடிப்பார்கள்' என்று சொல்லி, அதனைக் கடலிலேயே இடச் செய்தாள். தமையனார் என்னைப் பார்த்து, 'உன் பிள்ளைகள் இந்த மண்ணுக்கே காவற்காரர்களாகிவிட்டார்கள்' என்றார். அச் சொல்லில் பெருமையும் இருந்தது. ஒரு கவலையும் இருந்தது.

பாராடாங் செல்லும் வழியில் ஜாரவா மக்களைப் பார்க்கலாமா என்று மதினியார் ஆவலுடன் கேட்டார். அந்தச் சாலையில் வண்டிகள் காவலுடன் அணியாகச் செல்லும்; நடுவில் நிற்கவோ, படம் எடுக்கவோ, உணவு கொடுக்கவோ கூடாது என்று என் மனைவி விளக்கினாள். 'அது அவர்கள் வீடு, அக்கா. வீட்டின் ஊடே வழி கேட்டுப் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை அல்லவா?' என்றாள். மதினியார் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, அந்தப் பயணமே வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக வெற்றிமலை முருகனைக் கண்டு வணங்கினோம். பங்குனி உத்திரத்தன்று அங்கே திரளும் காவடிகளைப் பற்றிக் கேட்டபோது அம்மாவின் முகத்தில் முதன்முறையாக, 'இவர்கள் தனியாக இல்லை' என்ற நிம்மதி தோன்றியது.

செல்லுலார் சிறையைக் கண்ட நாள் என் மனத்தை விட்டு அகலாது. 1906இல் கட்டி முடித்தபோது அதற்கு ஏழு கிளைகள். இன்று எஞ்சியவை மூன்று. வழிகாட்டி 'காலாபானி' என்று சொன்னதும் அம்மா நிமிர்ந்து பார்த்து, 'பானி என்றால் தண்ணீர் அல்லவா?' என்றார். ஆம், கறுப்புத் தண்ணீர். கடந்தவர் மீள்வதில்லை என்று அஞ்சப்பட்ட கடல். மற்றக் கிளைகள் எங்கே என்று அவர் கேட்க, அவை நின்ற நிலத்தில் இப்போது கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது என்றும், அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் அங்கேதான் பிறந்தார்கள் என்றும் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, 'நல்லதுதான் ஐயா. அழுத இடத்தில் பிள்ளைக் குரல் கேட்கட்டும்' என்றார்.

மே 19 அன்று பருவமழை நிகோபாரை அடைந்தது. தமிழகத்தில் கத்திரிக் காலம் நடந்துகொண்டிருக்க, நம் கூரைகளில் தகரம் அதிரப் பெய்தது. வெளியே செல்ல இயலாத அந்த நாட்களில் ஒரு மாலை, தமையனார் தம் உள்ளத்தைத் திறந்தார். என் மகளைத் தம்முடன் அனுப்ப வேண்டும். பாளையங்கோட்டையில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகவும், தம் மகளாகவே வளர்ப்பதாகவும் சொன்னார். 'எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தெரியவில்லை. இன்னும் ஐந்தாண்டு போனால் நம் வீட்டுப் பிள்ளை என்று எதைக் கொண்டு சொல்வது?' என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்பும் குறைவில்லை. ஆதலினாலேயே விடை சொல்வது கடினமாயிற்று. என் மனைவி அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உலை கொதித்து வழிந்ததையும் அவள் பார்க்கவில்லை.

அதுவரை வாய் திறவாதிருந்த மாமனார் பேசினார். அவர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவருக்கு வயது பத்து. இந்தியா 5,25,000 பேரை ஏற்பது, இலங்கை 3,00,000 பேரை ஏற்பது என்று முடிவாயிற்று. இளைஞராகக் கப்பலேறி, 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து, அங்கே வீடும் வாழ்வும் கண்டார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கச்சாலைக் கடல் விழுங்கியபோது என் மாமியாரை இழந்தார். பள்ளிப் படிப்புக்காக இவ்வூரில் இருந்தமையால் என் மனைவி பிழைத்தாள்.

'சம்பந்தியம்மா, கோபிக்க வேண்டாம்' என்று அவர் என் தாயாரை நோக்கிச் சொன்னார். 'என் பத்தாவது வயதில் இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். போனதும் வாழ்ந்ததும் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் எங்களை ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளையை அனுப்புங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் அவளைக் கேட்டுச் செய்யுங்கள்.'

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா பேத்தியை அருகே அழைத்து, தலையைக் கோதியவாறு கேட்டார். அவள் உடனே விடை சொல்லவில்லை. 'நாளைக்குச் சொல்லட்டுமா?' என்றாள். மறுநாள் காலை பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு, 'எனக்கு ஆச்சி வேண்டும். பள்ளிக்கூடம் இங்கேயே வேண்டும்' என்றாள்.

என் தாயார் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'அண்ணாச்சி, கேட்கச் சொன்னீர்கள், கேட்டாயிற்று. கேட்ட பிறகு மாற்றிச் செய்தால் கேட்டதற்கு மரியாதை இல்லை' என்று மாமனாரிடம் கூறிவிட்டு, தாம் பொங்கல் கழியும் வரை இங்கேயே தங்குவதாக அறிவித்தார். தமையனாருக்கு அது வருத்தமே. வயதான காலத்தில் தாயைக் கடலுக்கு அப்பால் விட்டுச் செல்வது எந்த மகனுக்கு எளிது? ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர்கள் கப்பலேறியபோது, அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. அந்த மனத்தாங்கல் தீர மாதங்கள் ஆயின. முற்றும் தீர்ந்தது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

அம்மா தங்கிய அந்த மழைக்காலத்தில் நாள்தோறும் மாலை விளக்கேற்றியபின் ஒரு பக்கம் தமிழ் வாசிப்பு நடந்தது. பாடப் புத்தகம் ஏதுமில்லை. மளிகைச் சீட்டு, நாட்காட்டித் தாள், ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பிதழ் ஆகியவையே பாடம். செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய செய்தியை என் மகள் தமிழ் நாளிதழில் தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதற்காக ஆச்சி கொடுத்த விலையும் உண்டு. மூட்டுவலி ஈரத்தில் மிகுந்தது. ஆற்றுக் குளியல் இல்லை. பூட்டிய வீட்டின் விளக்கை எண்ணிச் சில இரவுகளில் உறங்கவில்லை. 2025 சனவரியில், சாமான் குறைவாயிருந்தமையால், வானூர்தியிலேயே ஊர் திரும்பினார்.

இப்போது மாதம் இருமுறை இங்கிருந்து ஓர் அஞ்சல் உறை அம்பாசமுத்திரத்துக்குப் போகிறது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி இருக்க, கடிதம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். முகத்தைப் பார்க்க எழுத்து வேண்டியதில்லை. ஆனால் ஆச்சிக்கு எழுத எழுத்து வேண்டும். ஒற்றுப் பிழையும் சந்திப் பிழையும் மலிந்த அக் கடிதங்களை அவர் திருத்துவதில்லை, அடுக்கி வைக்கிறார்.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத் தீவுகளில் வாழ்ந்த 3,80,581 பேரில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். நாம் வந்த வழிகள் வேறு வேறு: துறைமுக வேலை, அரசாங்க உத்தியோகம், வணிகம், இலங்கையிலிருந்து திரும்பிய துயரம். நம் பிள்ளைகளுக்கு வந்த வழி என்று ஒன்று இல்லை. அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். 'ஊர்' என்று நாம் சொல்லும்போது கடலின் மேற்கே பார்க்கிறோம். அவர்கள் காலடியைப் பார்க்கிறார்கள். இவ்விரண்டில் ஒன்றை அறுத்துத்தான் மற்றொன்றைக் காக்க வேண்டும் என்பதில்லை.

ஆதலின் அன்பர்களே, வரும் கோடையில் நாம் மட்டும் ஊருக்குப் போவதோடு நில்லாமல், ஊரில் உள்ள முதியோரையும் இங்கே அழைப்போமாக. கடல் அமைதியாயிருக்கும் ஏப்ரல் மாதமே கப்பலுக்கு ஏற்றது. பயணச்சீட்டுக்கு முன்கூட்டியே முயல்க. தண்ணீர்த் தொட்டி ஒன்று கூடுதலாக வாங்கி வைக்க. வீடு சிறிதாயிற்றே என்று தயங்க வேண்டா. பாய் விரிக்க இடமிருந்தால் பாட்டிக்கு இடமிருக்கிறது.