புதுக்கோட்டைக்கு எத்தனை எழுத்து?

ஆலங்குடியில் என் பழைய மாணவரின் மகள் பகலில் கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். இரவில், சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. கட்டாயமில்லை, நான்கு வாரம் பாடம் நடத்தி அதிலேயே தகுதித்தேர்வு வைக்கிறார்கள்.

அதில் இணையச் செயலி உருவாக்கும் பாடம் ஒன்று. பைத்தான், ஃபிளாஸ்க் என்று ஏதேதோ சொன்னாள். செயலியைத் தானே செய்துகாட்டி, வாய்மொழித் தேர்வில் விளக்கவும் வேண்டும். (காப்பியடித்தவன் அங்கே மாட்டிக்கொள்வான். எனக்குப் பிடித்ததே இதுதான்!)

அவள் செய்த செயலியில் ஊர்ப்பெயருக்கு 10 எழுத்து இடம். தமிழில் தட்டினேன். 'புதுக்கோட்' வரை வந்தது. 'டை' விழவே இல்லை.

“ஆறெழுத்துதானேம்மா?”

“கம்ப்யூட்டருக்கு 12 தாத்தா.”

'பு' என்றால் அதற்கு ப ஒன்று, உகரக் குறி ஒன்று. 'க்' கூட இரண்டுதான்; புள்ளிக்குத் தனிக்கணக்கு. முப்பது வருஷம் உயிர்மெய் நடத்திய எனக்குக் கொஞ்சம் கசந்தது.

முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தில் இப்படிப் பாதிப்பெயர் பதிவானால், அந்த அப்பத்தா எந்த மேசையில் போய் நிற்பாள்? கேட்டேன். அன்றிரவே 100 ஆக்கிவிட்டாள்.

இப்போது சோதித்துப் பார்க்க நீளமான பெயர்கள் கேட்கிறாள். கந்தர்வகோட்டை கொடுத்தாயிற்று. நண்பர்களே, உங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களை அனுப்புங்கள், தமிழிலேயே.